பிள்ளைக்கு 18 முடிஞ்சா ஜீவனாம்சம் நின்னுடுமா? பொண்ணுக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணு: முழு வழிகாட்டி

குடும்பநல கோர்ட்டு வராண்டாவுல அரை மணி நேரம் உக்காந்தா ரெண்டு பேச்சு காதுல விழும். ஒண்ணு, "பிள்ளைக்கு 18 ஆச்சுன்னா அவ்ளோதான், ஒரு பைசா வராது". இன்னொண்ணு, "அதெல்லாம் இல்ல, படிச்சு முடிக்கிற வரைக்கும் அப்பன் குடுத்துத்தான் ஆகணும்". ரெண்டுமே பாதிதான் சரி. எந்த சட்டத்துல ஆர்டர் வாங்கினீங்க, பிள்ளை பொண்ணா பையனா, உடம்பு நல்லா இருக்கா இல்லையா, இந்த மூணையும் வச்சுத்தான் பதில் மாறுது.

இங்க எழுதறது இந்தியச் சட்டம், அதுலயும் தமிழ்நாட்டு கோர்ட்டுல நடக்குற மாதிரி. இலங்கையில வேற சட்டம் (1999-ம் வருஷத்து பராமரிப்புச் சட்டம், அதுல 18-ல இருந்து 25 வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குன்னே தனியா வழி இருக்கு), சிங்கப்பூர்ல 21 வயசுக் கணக்கு, படிப்புக்கும் நேஷனல் சர்வீஸுக்கும் அதைத் தாண்டியும் நீட்டலாம். அங்க இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு முடிவு எடுக்காதீங்க. இதைப் படிச்சதுனால வக்கீல் வேணாம்னும் ஆகாது, ஆனா வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி எதைக் கேக்கணும்னு தெரிஞ்சுட்டுப் போனா பாதி அலைச்சல் மிச்சம்.

ஸ்டெப் 1: முதல்ல ஆர்டர் காப்பியை எடுங்க

நிறைய பேருக்கு மாசாமாசம் பணம் வருதுன்னு தெரியும், எந்த சட்டத்துல வருதுன்னு தெரியாது. பீரோவுல இருக்குற பழைய ஃபைலை எடுத்துப் பாருங்க, தொலைஞ்சிருந்தா கோர்ட்டுல காப்பி அப்ளிகேஷன் போட்டு சர்ட்டிஃபைட் காப்பி வாங்கிக்கோங்க. கேஸ் நம்பர் மறந்துபோச்சுன்னா ஈ-கோர்ட்ஸ் ஆப்ல பேரைப் போட்டுத் தேடலாம்.

ஆர்டர் பொதுவா இந்த அஞ்சுல ஒண்ணா இருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு, இதைத்தான் எல்லாரும் "எம்.சி. கேஸ்"னு சொல்றோம், 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டம் வந்ததால புதுசா போடறதெல்லாம் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-வது பிரிவுல போகுது, உள்ள இருக்குற விஷயம் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டாவது, விவாகரத்து கேஸோட சேர்த்து இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவுல வாங்கினது. மூணாவது, இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956, அதோட 20-வது பிரிவு. நாலாவது, குடும்ப வன்முறைச் சட்டம் 2005. அஞ்சாவது, ரெண்டு பேரும் சம்மதிச்சு இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவுல விவாகரத்து வாங்கினப்ப எழுதிக்கிட்ட ஒப்பந்தம்.

இதுல எதுன்னு தெரிஞ்சதும் மூணு விஷயத்தைப் பென்சில்ல கோடு போட்டு வைங்க. பணம் யார் பேர்ல ஆர்டர் ஆகியிருக்கு, அம்மாவுக்கு இவ்வளவு பிள்ளைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் போட்டிருக்கா இல்ல மொத்தமா ஒரே தொகையா, எதுவரைக்கும்னு ஏதாவது வார்த்தை இருக்கா. "மேஜர் ஆகும் வரை"ன்னு இருக்கறதும், "திருமணம் ஆகும் வரை"ன்னு இருக்கறதும், ஒண்ணுமே சொல்லாம விட்டிருக்கறதும் மூணு வேற வேற கதை.

ஸ்டெப் 2: 18 எந்த நாள்ல ஆகுது

சின்ன விஷயம்தான். 1875-ம் வருஷத்து மெஜாரிட்டி சட்டப்படி 18-வது பிறந்தநாள் ஆரம்பிக்கும்போதே மேஜர். 2008 ஜூன் 10 பிறந்த பிள்ளை 2026 ஜூன் 10 விடியும்போது மேஜர். ப்ளஸ் டூ முடிச்சாச்சா, காலேஜ் சேர்ந்தாச்சா, இதுக்கெல்லாம் இதுல இடம் இல்ல. பர்த் சர்டிஃபிகேட்டுல ஒரு தேதி ஸ்கூல் டிசி-ல ஒரு தேதின்னு இருந்தா இப்பவே சரி பண்ணிக்கோங்க, எதிர்ப்பக்க வக்கீல் அதைத்தான் முதல்ல பிடிப்பார்.

ஸ்டெப் 3: பொண்ணுன்னா

சட்டம் இங்கதான் கொஞ்சம் நெளியுது, அதனால பொறுமையா படிங்க.

125-ல (இப்போ 144) பிள்ளைங்களுக்கு ஜீவனாம்சம்னா மைனர் பிள்ளைங்களுக்குத்தான். முறையான கல்யாணத்துல பிறந்ததா இல்லையாங்கறது பிரச்சனையே இல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே உரிமை. ஆனா 18 ஆச்சுன்னா நல்ல உடம்போட இருக்குற பிள்ளைக்கு அந்தப் பிரிவுல வழி கிடையாது, பொண்ணா இருந்தாலும் சரி. 2009-ல அமரேந்திர குமார் பால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவா சொல்லிடுச்சு.

அப்போ பொண்ணுங்களுக்கு வழியே இல்லையா? இருக்கு, வேற கதவு. 1956 சட்டத்தோட 20-வது பிரிவு மூணாவது உட்பிரிவுல, கல்யாணம் ஆகாத பொண்ணு தன்னோட சம்பாத்தியத்துலயோ சொத்துலயோ தன்னைக் காப்பாத்திக்க முடியலன்னா அப்பா அம்மா பராமரிக்கணும்னு இருக்கு. வயசு வரம்பே கிடையாது. 18-ம் இல்ல 21-ம் இல்ல, 26 வயசுல பி.ஹெச்டி. பண்ணிட்டு இருக்குற பொண்ணுக்கும் பொருந்தும், வேலை கிடைக்காம வீட்டுல இருக்குற பொண்ணுக்கும் பொருந்தும்.

2020 செப்டம்பர் 15-ல வந்த அபிலாஷா எதிர் பிரகாஷ் தீர்ப்பைப் பேரோட ஞாபகம் வச்சுக்கோங்க. ஹரியானா ரேவாரியில ஒரு பொண்ணு, மாஜிஸ்திரேட் கோர்ட்டுல 125-ல கேட்டா, 18 வரைக்கும்தான்னு அங்க சொல்லிட்டாங்க, மேல போய்ப் போய்க் கடைசியில சுப்ரீம் கோர்ட்டு. அவங்க சொன்னது ரெண்டு விஷயம். 125-ல மாஜிஸ்திரேட் 18-க்கு மேல குடுக்க முடியாதுங்கறது சரிதான். ஆனா கல்யாணம் ஆகாத இந்துப் பொண்ணுக்கு 20(3)-ல உரிமை இருக்கு, அதுக்கு அந்தச் சட்டத்துல தனியா கேக்கணும். இதுல குடும்பநல கோர்ட்டா இருந்தா ரெண்டு சட்டத்தையும் பாக்குற அதிகாரம் அதுக்கு இருக்கறதால, பொண்ணை ரெண்டு தடவ அலைய விடாம ஒரே கேஸ்லயே குடுக்கலாம். 2002-ல ஜகதீஷ் ஜுக்தாவத் கேஸ்லயும் இப்படிக் குடுத்ததை நிலைநிறுத்தியிருக்காங்க.

நடைமுறைக்கு இதுக்கு என்ன அர்த்தம்னா, உங்க ஊர்ல குடும்பநல கோர்ட்டு இருக்கா இல்ல எம்.சி. கேஸ் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல நடந்துச்சான்னு முதல்ல பாக்கணும். மாஜிஸ்திரேட் கோர்ட்டு ஆர்டர்னா பொண்ணுக்கு 18 ஆனதும் அதை நம்பிட்டு இருக்காதீங்க, 20(3)-ல புது கேஸ் போடுங்க. குடும்பநல கோர்ட்டுன்னா மனுவிலயே ரெண்டு சட்டத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. நிறைய மனு 125-னு மட்டும் அச்சடிச்ச மாதிரி போகுது, அப்புறம் "அந்தப் பிரிவுல கேக்கலையே"ன்னு ஒரு வருஷம் போகுது. இந்த ஒரு வரி சேர்க்கறதுக்கு காசு ஒண்ணும் ஆகாது.

புது கேஸ் பொண்ணோட பேர்லதான் போகணும். 18 ஆனப்புறம் அம்மா அவளுக்காகக் கையெழுத்துப் போட முடியாது, வக்காலத்து அவளே குடுக்கணும், கோர்ட்டுல அவளே சாட்சி சொல்ல வேண்டி வரலாம். இதுல பல பொண்ணுங்க தயங்கும், அப்பாவுக்கு எதிரா கூண்டுல ஏறணுமேன்னு. அந்தத் தயக்கம் நியாயமானதுதான், அம்மாக்கள் அதை அவசரப்படுத்தாம ஆறு மாசம் முன்னாடியே உக்காந்து பேசிடறது நல்லது.

என்ன கேக்கலாம்? சாப்பாடு, துணி, தங்க இடம், படிப்பு, வைத்தியம் எல்லாம் ஜீவனாம்சத்துல சேரும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு, கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா நியாயமான கல்யாணச் செலவும் சேரும். நியாயமானன்னா அப்பாவோட வருமானம், குடும்ப நிலைமை, இதை வச்சுத்தான் கோர்ட்டு பாக்கும், மண்டபத்துக்கு 20 லட்சம்னு எழுதிட்டுப் போனா மனு மேல இருக்குற மரியாதையே போயிடும். ஒரு வார்த்தை ஞாபகம் வைங்க, வரதட்சணைன்னு எங்கயும் வரக்கூடாது, அது குற்றம், கல்யாணச் செலவு வேற.

2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டுல இன்னொரு விஷயம் வந்துச்சு. ரொம்ப வருஷமா பிரிஞ்சு வாழ்ந்த அப்பா அம்மா, பொண்ணு அயர்லாந்துல படிக்குது, அப்பா படிப்புக்குன்னு 43 லட்சம் குடுத்திருக்கார், பொண்ணு ரோஷத்துல வேணாம்னு திருப்பிக் குடுக்கப் பாத்துருக்கு. படிப்புச் செலவை அப்பா அம்மாகிட்ட வாங்கறது பொண்ணோட சட்டப்படியான உரிமை, அந்தப் பணத்தை வச்சுக்கலாம்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆனா அந்தக் கேஸ்ல அப்பாவே மனசார குடுத்த பணம். அதை வச்சுக்கிட்டு எல்லா அப்பாவும் வெளிநாட்டுப் படிப்புக்குக் குடுக்கணும்னு வாதம் பண்ண முடியாது.

பொண்ணு வேலைக்குப் போனா? சும்மா பார்ட் டைம்ல டியூஷன் எடுத்து 4,000 சம்பாதிச்சா உரிமை போயிடாது, "தன்னைக் காப்பாத்திக்க முடியலையா"ங்கறதுதான் கேள்வி. நல்ல சம்பளத்துல வேலை கிடைச்சா முடிஞ்சது. கல்யாணம் ஆனாலும் முடிஞ்சது.

ஸ்டெப் 4: பையன்னா

சுருக்கமா சொல்லிடறேன், நல்ல செய்தி இல்ல. 125-லயும் 18-தான், 1956 சட்டத்துலயும் பையனுக்கு மைனரா இருக்குற வரைக்கும்தான், இந்து திருமணச் சட்டம் 26-ம் மைனர் பிள்ளைங்கன்னுதான் சொல்லுது. பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் போறப்ப அப்பா பணத்தை நிறுத்தினா பையன் தன் பேர்ல கேக்கறதுக்கு நேரடியான பிரிவு ஒண்ணும் இல்ல. என்னைக் கேட்டா இது ரொம்ப அநியாயம், 18 வயசுல எந்தப் பையன் தன் கால்ல நிக்கறான், டிகிரி முடிக்கவே 21 ஆகுது. ஆனா சட்டம் இப்போ அப்படித்தான் இருக்கு, மாறும்னு நம்பிட்டு ஃபீஸ் கட்டாம இருக்க முடியாது.

அதனால சுத்து வழிகளைப் பாக்கணும்.

அம்மாவோட ஜீவனாம்சம் வழியா ஒண்ணு. 2021-ல டெல்லி ஹைகோர்ட்டு ஊர்வசி அகர்வால் கேஸ்ல, பையனுக்கு 18 ஆச்சுங்கறதால அம்மாவோட பாரம் குறைஞ்சிடல, அவனுக்கு ஆகுற செலவு முழுக்க அம்மா தலையிலதான் விழுதுன்னு சொல்லி, பையன் டிகிரி முடிக்கிற வரைக்கும் இல்ல சம்பாதிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் அம்மாவுக்கு மாசம் 15,000 குடுக்கச் சொன்னாங்க. டெல்லி தீர்ப்பு தமிழ்நாட்டு கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனா காட்டி வாதாடலாம். இதுக்கு அம்மாவுக்கு ஏற்கனவே ஜீவனாம்ச ஆர்டர் இருக்கணும் இல்ல கேஸ் ஓடிட்டு இருக்கணும். ஆர்டர் இருந்தா தொகையைக் கூட்டித் தரச் சொல்லி மனு போடலாம், பழைய சட்டத்துல 127, புதுசுல 146. மனுவுல பையனுக்குன்னு கேக்காம, அம்மாவோட செலவு எப்படிக் கூடியிருக்குன்னு காலேஜ் ஃபீஸ் ரசீது, ஹாஸ்டல் ரசீது, பஸ் பாஸ் வரைக்கும் வச்சுக் காட்டணும்.

ரெண்டாவது, ஒப்பந்தம். இதுதான் எல்லாத்துலயும் பலமானது. 13-பி-ல சம்மதிச்சுப் பிரியறப்ப "பையனோட இளநிலைப் படிப்பு முடியும் வரை, செமஸ்டர் ஃபீஸ் நேரடியா காலேஜுக்கு அப்பா கட்டணும்"னு ஒரு வரி எழுதி அது டிக்ரியில (கோர்ட்டோட தீர்ப்பாணையில) சேர்ந்துடுச்சுன்னா 18 ஒரு பிரச்சனையே இல்ல, டிக்ரியை நிறைவேத்தச் சொல்லிக் கேக்கலாம். இப்போ பிரியப்போறவங்க யாராவது இதைப் படிச்சா, பையனுக்கு 3 வயசா இருந்தாலும் அந்த வரியை எழுதுங்க. கோர்ஸ் பேரு போடாதீங்க, "இளநிலைப் பட்டம் அல்லது டிப்ளமோ முடியும் வரை, அல்லது 23 வயது வரை"ன்னு பொதுவா போடுங்க, வருஷா வருஷம் இத்தனை பர்சன்ட் கூடும்னும் போடுங்க. மாசம் 5,000-ன்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதினது இன்னைக்கு மெஸ் பில்லுக்கே பத்தாது.

மூணாவது, சொத்து. இது ஜீவனாம்சம் இல்ல, ஆனா பலருக்கு ஞாபகம் வராத வழி. பூர்வீகச் சொத்து இருந்தா பையனுக்கும் பொண்ணுக்கும் பிறந்தப்பவே அதுல பங்கு உண்டு (பொண்ணுங்களுக்கு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்துச்சு, இந்தியா முழுக்க 2005-ல), மேஜர் ஆனதும் தன் பேர்லயே பாகப்பிரிவினை கேஸ் போடலாம். அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துல அவர் உயிரோட இருக்கும்போது இந்த உரிமை கிடையாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

அப்புறம் கோர்ட்டுக்கு வெளிய. எஜுகேஷன் லோனுக்கு அப்பா கையெழுத்து வேணும்னு பேங்க்ல சொன்னா, அம்மாவே கோ-பாரோயரா இருக்கலாம், டைவர்ஸ் டிக்ரி காப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்க. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்ச பிள்ளைன்னா காலேஜ்ல பொண்ணுக்கு புதுமைப் பெண், பையனுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபாய். பெரிய தொகை இல்லதான், விடவும் வேணாம்.

ஸ்டெப் 5: உடம்புக்கோ மனசுக்கோ முடியாத பிள்ளைன்னா

இங்க 18 ஒரு எல்லையே இல்ல. உடல் அல்லது மன பாதிப்புனாலயோ காயத்துனாலயோ தன்னைக் காப்பாத்திக்க முடியாத பிள்ளைக்கு, மேஜர் ஆனாலும் 125/144-லயே ஜீவனாம்சம் உண்டு, பையனுக்கும் சரி பொண்ணுக்கும் சரி (கல்யாணம் ஆன பொண்ணு மட்டும் இதுல வராது). தேவைப்படற காகிதம்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யுடிஐடி கார்டு (மத்திய அரசோட மாற்றுத்திறனாளி அட்டை), அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டு சர்டிஃபிகேட். வெறும் சதவீதம் மட்டும் இருந்தா பத்தாது, வேலைக்குப் போக முடியாதுங்கறதை டாக்டர் சாட்சியோட காட்டணும்.

பலர் கோட்டை விடற இடம் இன்னொண்ணு இருக்கு. பிள்ளைக்கு 18 ஆனதும் அம்மாவும் சட்டப்படி கார்டியன் கிடையாது! ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நாலுல ஒண்ணுன்னா 1999-ம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் இருக்குற மாவட்டக் கமிட்டியில விண்ணப்பிச்சு சட்டப்படியான காப்பாளர் சான்று வாங்கணும். அது இல்லாம பிள்ளை பேர்ல கேஸ் நடத்தறது, பேங்க் கணக்கு பாக்கறது எல்லாமே தடங்கும். 18-க்கு கொஞ்ச மாசம் முன்னாடியே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல போய் என்னென்ன ஃபார்ம்னு கேட்டு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 6: பிள்ளைக்கு 17 நடக்கும்போது செய்ய வேண்டியது

இதை மட்டும் படிச்சாலும் போதும்னு சொல்வேன். 18 ஆனப்புறம் ஓடறதை விட 17-ல உக்காந்து செய்யறது எவ்வளவோ மேல், ஏன்னா மைனரா இருக்குற வரைக்கும் பையனுக்கும் உரிமை இருக்கு, கோர்ட்டுக்கும் பிள்ளை மேல கூடுதல் அக்கறை இருக்கு, பேரம் பேசறதுக்கு உங்க கையில ஏதோ இருக்கு.

பாக்கி எவ்வளவுன்னு மாசவாரியா ஒரு நோட்டுல எழுதி, பேங்க் பாஸ்புக் என்ட்ரியோட ஒத்துப் பாருங்க. பாக்கி இருந்தா உடனே மனு. ப்ளஸ் டூ முடிச்சு எங்க சேரப்போகுது, ஃபீஸ் எவ்வளவு, காலேஜ் வெப்சைட்டுல இருக்குற ஃபீஸ் விவரத்தை பிரின்ட் எடுத்து வைங்க. ஜீவனாம்சம் கூட்டிக் கேக்கணும்னா இப்பவே கேளுங்க.

அப்புறம் மீடியேஷன். குடும்பநல கோர்ட்டுலயே சமரச மையத்துக்கு அனுப்புவாங்க, இல்லாட்டி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுத்தா எதிர்ப்பக்கத்தையும் கூப்பிட்டுப் பேச வைப்பாங்க. மாஜி மனைவிக்குக் குடுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற அப்பா, பையனோட காலேஜுக்கு நேரா ஃபீஸ் கட்டச் சொன்னா பல நேரம் ஒத்துக்குவார், பணம் எங்க போகுதுன்னு தெரியணும்கறதுதான் அவர் குறை. அப்படி ஒத்துக்கிட்டா வாய் வார்த்தையா விடாதீங்க, எழுதிக் கையெழுத்து வாங்கி கோர்ட்டு ஆர்டரா இல்லாட்டி லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்ப்பா மாத்துங்க, அப்போதான் அதுக்குப் பல் இருக்கும்.

வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லன்னா இலவச சட்ட உதவிக்கு 15100-க்கு போன் பண்ணலாம். பெண்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம குடுக்கணும்னு சட்டம். பையனுக்கு 18 ஆயிட்டா அவன் "குழந்தை"ங்கற கணக்குல வரமாட்டான், வருமான வரம்பு இல்லாட்டி எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாதிரி வேற தகுதி காட்டணும். 17-லயே போறதுக்கு இது இன்னொரு காரணம்.

ஸ்டெப் 7: கேஸ் நடந்துட்டு இருக்கும்போதே 18 ஆயிட்டா

வாய்தா வாய்தான்னு இழுத்து நடுவுல பிறந்தநாள் வந்துடும், அது சகஜம். கேஸ் தானா செத்துடாது. சிவில் கேஸ்னா மேஜர் ஆன பிள்ளை தானே தொடரப் போறேனா இல்லையான்னு கோர்ட்டுல சொல்லணும், மெமோ போட்டு அம்மா வழியாங்கறதை எடுத்துட்டுப் புது வக்காலத்து குடுக்கணும். எம்.சி. கேஸ்லயும் மெமோ போட்டுடறது நல்லது. மனு போட்ட தேதியில இருந்து 18 ஆன நாள் வரைக்கும் உள்ள தொகை கேக்கறதுக்கு உரிமை அப்படியே இருக்கு. 2020 நவம்பர்ல வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புல ஜீவனாம்சம் மனு போட்ட தேதியில இருந்து குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு, தீர்ப்பு தேதியில இருந்துன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க. அதே தீர்ப்புல ரெண்டு பக்கமும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா போடணும்னும் இருக்கு. அப்பா போடாம இழுத்தா அதையே சொல்லி ஆர்டர் கேக்கலாம்.

ஸ்டெப் 8: பாக்கி

18 ஆச்சுன்னு பழைய பாக்கி அழியாது. 16 வயசுல குடுக்காத பணம் 19 வயசுலயும் கடன்தான். ஆனா வசூல் பண்றதுக்கு கெடு இருக்கு, எம்.சி. ஆர்டர்னா பணம் தரவேண்டிய தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வாரன்ட் கேட்டு மனு போடணும், அதனாலதான் அனுபவம் உள்ள வக்கீல்கள் வருஷத்துக்கு ஒரு தடவயாவது மனு போட்டுக்கிட்டே இருப்பாங்க. 1956 சட்டத்துல பாக்கிக்கு கேஸ் போட 3 வருஷம். ஆறு வருஷ பாக்கியைக் கட்டுக்கட்டா சேத்து வச்சு பிள்ளை கல்யாணத்துக்கு மொத்தமா வாங்கிக்கலாம்னு இருக்காதீங்க.

குடுக்கலன்னா ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம். ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கடன் தீர்ந்துச்சுன்னு சில அப்பாக்கள் நினைக்கறாங்க, தீராது, 1989-லயே குல்தீப் கௌர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. சம்பளக்காரர்னா சம்பள அட்டாச்மென்ட் (சம்பளத்துல இருந்தே பிடிச்சுத் தர்ற ஆர்டர்) கேளுங்க, சாதாரண கடனுக்கு இருக்குற பாதுகாப்பு ஜீவனாம்சத்துக்கு கிடையாது, மூணுல ஒரு பங்கு சம்பளத்தை மட்டும்தான் தொட முடியாது.

அப்பாக்களுக்கு

நீங்க பக்கத்துல இருந்து பிள்ளையைப் பாக்க முடியலன்னாலும் வருஷக்கணக்கா பணம் ஒழுங்கா கட்டியிருக்கலாம், அதனால இதையும் சொல்லிடறேன். பிறந்தநாள் அன்னைக்கே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனை கேன்சல் பண்ணாதீங்க. ஆர்டர்ல பிள்ளைக்கு 6,000 அம்மாவுக்கு 9,000-ன்னு பிரிச்சுப் போட்டு "மேஜர் ஆகும் வரை"ன்னும் இருந்தா பிள்ளை பங்கு முடிஞ்சுதுன்னு சொல்ல இடம் இருக்கு. மொத்தமா 15,000-னு ஒரே தொகையா இருந்தா நீங்களா பாதியாக்க முடியாது. எதுவா இருந்தாலும் 127/146-ல மனு போட்டு, பிள்ளை மேஜர் ஆயிட்டதைக் காட்டி, மாத்தின ஆர்டர் வாங்கிட்டு நிறுத்துங்க. அம்மா பங்கு பிள்ளை வயசோட போகாது, அது தனி. பொண்ணா இருந்தா நிறுத்தினதும் 20(3)-ல புது கேஸ் வரும், ரெண்டு வக்கீல் ஃபீஸ் சேந்து ஒரு வருஷ காலேஜ் ஃபீஸைத் தின்னுடும், கணக்குப் போட்டுப் பாருங்க. கையில காசா குடுக்காதீங்க, பேங்க்லதான் போடணும், ரசீது இல்லாத பணம் கோர்ட்டுல குடுக்காத பணம்தான்.

அம்மா நல்லா சம்பாதிச்சா பிள்ளை படிப்புச் செலவை ரெண்டு பேரும் வருமானத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக்கணும்னு ரஜ்னேஷ் தீர்ப்புலயே இருக்கு. அதைக் கேக்கறதுல தப்பே இல்ல.

இஸ்லாமியர், கிறிஸ்தவர்

20(3) இந்துச் சட்டம், அந்த வழி மத்தவங்களுக்கு இல்ல (பௌத்தர், சமணர், சீக்கியர் அதுல அடக்கம்). 125/144 எல்லா மதத்துக்கும் பொது, பொதுவா 18 வரைக்கும் அதுல போகலாம். இஸ்லாமியப் பிள்ளைங்க விஷயத்துல 1997-ல நூர் சபா காத்தூன் தீர்ப்பு முக்கியம், அம்மாவோட விவாகரத்துச் சட்டம் எதுவா இருந்தாலும் பிள்ளைங்களுக்கு 125-ல தனி உரிமை உண்டு, பொண்ணுங்களுக்கு கல்யாணம் ஆகுற வரைக்கும்னு அதுல சொல்லியிருக்காங்க. கிறிஸ்தவப் பொண்ணுங்களுக்கு எழுதின சட்டம் கம்மி. 2023-ல கேரளா ஹைகோர்ட்டு எந்த மதமா இருந்தாலும் கல்யாணம் ஆகாத பொண்ணு அப்பாகிட்ட நியாயமான கல்யாணச் செலவு கேக்கலாம்னு சொன்னது ஒரு பிடி, தமிழ்நாட்டுல அதைக் காட்டி வாதாடலாம்.

கடைசியா, அப்பா சொத்தை வேற பேருக்கு மாத்தினா, இல்ல இறந்துட்டா

கேஸ் நோட்டீஸ் போனதும் வீட்டைத் தம்பி பேருக்கு செட்டில்மென்ட் பண்றது ரொம்ப பழைய வித்தை. 1956 சட்டம் 28-வது பிரிவுல இதுக்குப் பதில் இருக்கு, ஜீவனாம்ச உரிமை இருக்குன்னு தெரிஞ்சு வாங்கினவர் மேலயும், காசு குடுக்காம சும்மா வாங்கினவர் மேலயும் அந்தச் சொத்துலயே உரிமையை நிறைவேத்தலாம். அப்பா இறந்துட்டா மைனர் பையனும் கல்யாணம் ஆகாத பொண்ணும் அவர் விட்டுட்டுப் போன சொத்துல இருந்து பராமரிப்பு கேக்கறதுக்கு 22-வது பிரிவு, உயில்ல ஒண்ணும் எழுதி வைக்காம விட்டிருந்தா கூட.

அதனால கேஸ் போடறதுக்கு முன்னாடி அவர் பேர்ல எந்த சர்வே நம்பர்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. பத்திரப்பதிவு வெப்சைட்டான டிஎன்ரெஜிநெட்ல வில்லங்கம் காசில்லாம பாக்கலாம், கிராமமும் சர்வே நம்பரும் தெரிஞ்சா போதும். பிரின்ட் எடுத்து மனுவோட பின்னாடி வைங்க, நோட்டீஸ் போறதுக்கு முந்தின தேதியில எடுத்ததா இருக்கட்டும்.